நெருப்புப் பெட்டியைத் தட்டியவர்

இந்த அறையின் மின்விசிறி கிறீச்சிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். உங்கள் ஆட்களிடம் சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் இத்தனை காலம் தலையாட்டிகளோடுதான் காலம் தள்ளினேன், அதனால் வருத்தமில்லை.

அந்த நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தவன் நான். மூடிக் கிடந்த சர்க்கரை ஆலையின் பின்புறத்தில், புகைபோக்கிக்குள் செடி முளைத்து நின்றது. பாலிடெக்னிக்கில் கொதிகலன் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் பார்த்ததுமே அதன் அருமை தெரிந்தது. பழைய ரயில்களைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்பது மரியாதைக்கு. மற்றவர்கள் சனிக்கிழமைதோறும் தலைகாட்டுவார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், வங்கி மேலாளராக இருந்தவர் ஒருவர், இன்னும் சிலர். புத்தம்புது நீல உடுப்பில் வந்து, கன்னத்தில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பேனர் கேட்டால் சுத்தியலை நீட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒருவரும் தாமதித்ததில்லை.

என் மாப்பிள்ளையும் அந்தக் கூட்டம்தான். பல் மருத்துவர். என் ஒரே மகளைக் கட்டியவர் என்பதால் இப்போதும் 'அவர்' போட்டே பேசுகிறேன். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடித்துப்போகிற மனிதர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இன்ஜினில் கரி எரியும் நெருப்புப் பெட்டியை நானே பிரித்து நானே பூட்டினேன். அதைச் சுற்றிலும் கொதிநீர் நிற்கும்; அந்த அழுத்தத்தில் தகடு பிதுங்கிவிடாமல் வரிசை வரிசையாக போல்ட்டுகள் பிடித்துக்கொள்ளும். திறப்பு விழா நெருங்கிய சமயம், மாப்பிள்ளை அதற்குள் தவழ்ந்து போய் ஒரு சின்னச் சுத்தியலால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நோயாளியின் பல்லைத் தட்டுவது போல.

"மாமா, இந்த மூலையில சத்தம் செத்த மாதிரி கேக்குது. உள்ள முறிஞ்சிருக்குமோ?"

"பல்லுன்னு நெனச்சீங்களா மாப்பிள்ளை?"

சிரித்தார். எதற்கும் சிரிப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மொதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்தறோம். வெளியாள் ஒருத்தர வச்சுப் பாத்துடலாம். கமிட்டில நானே பேசிக்கறேன். உங்க பேரு வராது."

என் பேர் வராதாம். அந்த இன்ஜினில் என் பேரைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

வெளியாள் வருவதற்கு முன் குறைந்த அழுத்தத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். பாவம், ஒத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் இன்ஜின் நீராவி கட்டி நின்றது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி உண்டு. மாப்பிள்ளை எண்ணெய்க் குவளையோடு அதில் இறங்கி, சக்கரங்களுக்கு இடையே அச்சோடு சேர்ந்து சுழலும் கிராங்குகளுக்குள் தலையையும் தோளையும் நுழைத்தார்.

"மாமா, கட்டை வச்சிருக்கா?"

"வச்சிருக்கு மாப்பிள்ளை. நீங்க பாருங்க."

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தக் கட்டையை யார் எடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான்தான். ஓரம் இற்றுப்போயிருந்தது, மாற்றலாம் என்று எடுத்தேன். பிரேக்கைத் தளர்த்தியதும் நான்தான். நீராவியைத் திறக்கும் வால்வு தானாகவே கசிந்திருக்கும் என்று ஜவுளிக்கடைக்காரர் சாட்சி சொன்னாராம். என்னைக் காப்பாற்றுகிறாராம். நான் பொருத்திய வால்வு கசியாது. அப்படி ஒரு பழியைச் சுமப்பதைவிட உண்மையைச் சொல்லிவிடலாம். நான் திறந்தேன். கொஞ்சம்தான்.

இன்ஜின் ஒரு முழம் நகர்ந்திருக்கும். கிராங்க் சுற்றும்போது அங்கே ஆளுக்கு இடமில்லை. "மாமா" என்றார், அதற்குமேல் பேசவில்லை. வால்வை மூடி, பிரேக்கை இறுக்கினேன். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் தகடு கெட்டுவிடும். அதனால் மட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். கீழே கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. எதை முதலில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவனுக்குத் தெரியும்.

அந்த மூலையில் போல்ட்டுகள் முறிந்துதான் இருக்கின்றன, பிள்ளைகளோடு ஓடியிருந்தால் வெடித்திருக்கும் என்று உங்கள் பரிசோதகர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அவரும் சனிக்கிழமை ஆள்தான் போலிருக்கிறது.

நேற்று மகள் வந்தாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு உள்ள இருந்தது தெரியும்தானேப்பா?"

இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லம்மா, கவலைப்படாதே என்றேன். எழுந்து போய்விட்டாள். போகட்டும். சின்ன வயசு, இப்போது அழுகைதான் வரும். நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் அவளுக்கே புரியும், எதற்கு மாற்று கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று.