முகம் தெரிந்த படம்

“கல்யாணப் படத்தையே போடுங்க அத்தே, அது போதும்னு—”

“எது, மாலைக்குள்ள பாதி மூஞ்சி மறைஞ்சு கெடக்கே, அதா? ஒங்கண்ணன் எடுத்தது இருக்கையில—”

“அத நான் இன்னும் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.”

“எம்புள்ள சிரிக்கிறான்டி அதுல.”

கருமாதிக்கு வைக்கிற கண்ணீர் அஞ்சலி பேனரில் எந்தப் படம் போடுவது என்று என் தங்கை சரண்யாவும் அவள் மாமியார் பிரகதாம்பாளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சேரில் உட்கார்ந்து டீ குடித்தேன். படத்தைப் பற்றிய பேச்சு எனக்கு எப்போதும் அலுக்காது.

கீரமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் கேமராதான். கண் இமைப்பதற்குள் போய்விடுகிற ஒன்றைப் பிடித்து நிறுத்திவிட்டால், அன்றைக்குச் சோறுகூட வேண்டாம். தை, மாசியில் எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் ஒரு குறை. திமிலைக் கட்டிக்கொள்கிறவன் முகத்தை அதிலேயே புதைத்துக்கொள்வான். நமக்குக் கிடைப்பது முதுகும் பனியனும். வாடிவாசலில் காத்து நிற்கும்போதோ அவன் கண் வாசலை விட்டு அசையாது. அசையக் கூடாது.

போன வருஷம் பக்கத்து வீட்டு உடையப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அத்தனை மைக் சத்தத்திலும் தெரிந்த குரல் தனியாகக் கேட்கும்போல, திரும்பினார். நல்ல படம். மாடு குத்தித் தொடை கிழிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். பார்க்கப் போனபோது பிரேம் போட்டே கொடுத்தேன். “அடேயப்பா, நானா இது?” என்று பூரித்துப் போனார். அவரே வருத்தப்படாதபோது எனக்கென்ன வருத்தம்?

இந்த வருஷம் எங்கள் மாப்பிள்ளை வெற்றிசெல்வன் இறங்கினார், சரண்யாவின் புருஷன். களையான முகம். மாடு வருவதற்கு முன்பே கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டிருந்தால் படத்தில் அவர் மட்டும்தான் இருந்திருப்பார். கொம்பு வாசலைத் தாண்டும் வரை பொறுத்திருந்தேன். பிறகு, “மாப்ள, இங்கிட்டு” என்றேன். திரும்பினார். என்னைக் கண்டதும் சிரித்தார். எங்கே பார்த்தாலும் சிரிக்கிற குணம் அவருக்கு. வலி தெரிவதற்குள் எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததை நான் எடுக்கவில்லை. அது ஊரார் செல்போனில் எல்லாம் இருக்கிறது. நானும் எடுத்திராவிட்டால் அந்தத் தாய்க்குச் சிரித்த முகம் ஏது?

“மாட்ட வெட்டிட்டு, மூஞ்சிய மட்டும் போடச் சொல்லுவமா?” என்று பிரகதாம்பாள் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“மாட்ட வெட்டக் கூடாது அத்தே,” என்றேன். “அது இல்லேன்னா அந்தப் படமே இல்ல.”

அதற்குத்தான் சரண்யா திரும்பினாள். மாமியார் கையிலிருந்த செல்போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கொம்பைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, மாடு மேலயே வந்துருச்சு. இவரு எதுக்குண்ணே ஒன்னப் பாத்துச் சிரிக்கிறாரு?”