டேப் வெக்கிற வூடும் ஸ்பேஸ் வெக்கிற வூடும்

இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, அவ்ளோதான? நானும் அதையேதாங்கண்ணா சொல்றேன். மொதல்ல உள்ள வந்து உக்காருங்க. பனித்திட்டுலேர்ந்து பாகூருக்கு இந்த வெயில்ல வந்துட்டு, வாசல்லயே நின்னுக்கினு கத்துனா இன்னா அர்த்தம்? தோ, அந்த சேர்ல. நல்ல சேருதான், முதுகு வலிக்காது, என் பொண்ணு சுவேதா அதுல உக்காந்துதான் கம்ப்யூட்டர் கோடு எழுதும். வண்டில ரெண்டு பேரு இருக்காங்களே, அவங்களையும் கூப்புடுங்க, ஃபேன் இருக்குது. வேணாமா? சரி, அங்கியே இருக்கட்டும். கையில இன்னா வெச்சிருக்காங்க, துடுப்பா? கடல் இங்கேர்ந்து தூரமாச்சே.

சுப்பராயலுண்ணா, உங்க புள்ள சிலம்பரசனுக்கு என் பொண்ணக் குடுக்க எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா காரணம் வேற. உங்க காரணத்த நீங்க வாய்விட்டு சொல்லவே வேணாம். உங்க தெரு எது, எங்க தெரு எதுன்னு எனக்குத் தெரியாததா? என் காரணம் அதவிடப் பெருசு. உங்க புள்ள ஃப்ரேம்வொர்க் போடறான்.

இல்லண்ணா, பேச்ச மாத்தல. சத்தியமா அதான் காரணம். பொண்ணா? இங்கதான் எங்கியாச்சும் இருக்கும். இத மொதல்ல கேளுங்க.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பக் கழட்டிட்டுத்தான் போவணும். அந்தக் காலத்து ஆளு நானு. அரிசி மில்லு, மருந்துக் கட, உங்க ஊராண்ட இருக்குற ஐஸ் ஃபேக்டரி, எல்லாத்துக்கும் பில்லு போடற சாஃப்ட்வேர் நான் கையால எழுதுனது. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். எந்த வரிக்கு எப்ப சளி புடிக்கும்னு கூடத் தெரியும். இந்தப் பசங்களுக்கு அப்டி இல்ல. ஃப்ரேம்வொர்க்னா இன்னா தெரியுமா? நீங்க மீன் புடிக்க ஒரு ஃபைபர் போட்டு கேக்குறீங்க. அவன் போட்டோட ஒரு துறைமுகம், லைட்அவுசு, கஸ்டம்ஸ் ஆபீஸு எல்லாத்தையும் ஒட்டுக்கா கட்டிக் குடுத்துடறான். நீங்க நண்டு வலைக்குத்தான் கேட்டீங்க. ஆனா இனிமே டெய்லி அந்த லைட்அவுசுக்கு நீங்கதான் வெள்ள அடிக்கணும்.

சிரிப்பு வரலியா? எனக்கும் வராது. அனுபவிச்சவன் நானு.

உங்க புள்ள என்னாண்ட வேலைக்கு சேந்தான். சேந்த கையோட, சார், ஐஸ் ஃபேக்டரி சாஃப்ட்வேர புச்சா எழுதலாம்னான். டேய், ஓடிக்கினு இருக்குறத தொடாதடான்னேன். சுவேதா அவன் பக்கம் பேசிச்சு. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். எழுதுனான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பட்டன் அமுக்குனா பட்டன் வெக்கப்பட்டு செவக்குது. உள்ள போயிப் பாத்தா, எண்ணுக்கு முன்னாடி ஒரு சைபர் போடறதுக்கு எவனோ ஒருத்தன் எழுதுன பேக்கேஜ நெட்லேர்ந்து எறக்கி வெச்சிருக்கான். சைபர்ணா! சைபர நம்மளே போட்டுக்க முடியாதா? ஒரு நாளு, அந்த எவனோ ஒருத்தனுக்கு அவன் ஊர்ல எதோ சண்ட, கோவிச்சிக்கினு அந்தப் பேக்கேஜ எடுத்துட்டான். அவன் எந்த நாடோ, எந்தப் பக்கமோ. இங்க ஐஸ் ஃபேக்டரில பில்லு வரல. பில்லு இல்லாம ஐஸ் குடுக்க மாட்டேன்னு மேனேஜரு கதவ சாத்திட்டாரு. ஞாபகம் இருக்குதா? உங்க போட்டுல நெறைய வஞ்சரம் வந்து, ஐஸு கெடைக்காம, பாதி வெலைக்குத் தள்ளிட்டு, ஐஸ் ஃபேக்டரிக்காரன் பரம்பரையவே இழுத்து வெச்சி திட்டுனீங்களாமே. அது உங்க புள்ள வேலதான்.

ஆங், அவனேதான். வூட்ல சொல்லல பாத்தீங்களா? கள்ளன். அன்னிக்கு ஃபேக்டரில போயி, தப்பு என்னுதுன்னு நின்னுட்டு, ராத்திரி முழுக்க அவனே கையால பில்லு எழுதிக் குடுத்தான். அது வேற விஷயம். அத நான் கணக்குல சேக்கல.

அதோட போச்சா? டெய்லி காலைல ஸ்டாண்டப்புன்னு ஒண்ணு கொண்டாந்தான். எல்லாரும் நின்னுக்கினே பேசணும். நேத்து இன்னா செஞ்ச, இன்னிக்கு இன்னா செய்யப்போற, இன்னா தடங்கல். வேல செய்யிறது மூணு பேரு, அதுக்கு ஒரு மீட்டிங்கு. என் வூட்டுக்காரி ஜோஸ்பினும் கரண்டியோட வந்து நிப்பா. நேத்து சாம்பாரு, இன்னிக்கு ரசம், தடங்கல் இந்த மனுசன், கேஸு புக் பண்ணல அப்டீம்பா. எல்லாரும் கை தட்டுவாங்க. எங்க இப்பவா? கடைக்குப் போயிருக்கா. வந்துடுவா.

ஆனா இதெல்லாம் பொறுத்துக்கலாம்ணா. பொறுக்க முடியாதது ஒண்ணு இருக்குது. கோடு எழுதும்போது வரிய கொஞ்சம் உள்ள தள்ளி எழுதணும். நாங்க டேப் வெச்சித் தள்ளுவோம். ஒரு அமுக்கு. உங்க புள்ள ஸ்பேஸ் வெச்சித் தள்றான். நாலு அமுக்கு. பாத்ததும் எனக்கு நெஞ்சு அடச்சிக்கிச்சு. ஸ்பேஸ் வெக்கிறவன் வூட்ல எப்டிங்கண்ணா பொண்ணக் குடுக்கறது? எங்க ஆளுங்க மொகத்துல நான் எப்டி முழிப்பேன்? நாளைக்கு ஒரு பேரப்புள்ள பொறந்தா அது டேப்பா ஸ்பேஸா?

கம்ப்யூட்டருக்கா? அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. ரெண்டையும் ஒரே மாரி படிச்சிட்டு ஒரே மாரி ஓடும். ஆனாலும் எங்களுக்குள்ள விட்டுக்குடுக்க மாட்டோம். இதுக்காவ பேச்சுவார்த்தையே நின்னுபோன கூட்டாளிங்க எனக்கு இருக்காங்க. என்னா அப்டிப் பாக்குறீங்க? பைத்தியக்காரத்தனமா இருக்குதா? இருக்கட்டும். உங்களுக்கு உங்க காரணம், எனக்கு என் காரணம்.

எழுந்திரிக்காதீங்கண்ணா, இன்னும் ஒண்ணு, இதான் கடைசி. என் கோடுல ஒரு வரி உண்டு. செவ்வாக்கிழமன்னா கணக்கோட ஒரு சைபரக் கூட்டுன்னு. அதுக்கு மேல, இத யாரும் தொடாதீங்க, தொட்டா எல்லாம் நின்னுடும்னு எழுதி வெச்சிருப்பேன். அந்தக் காலத்து ஃபாக்ஸ்ப்ரோல எழுதுனப்பவும் இருந்துச்சு, அதுக்கப்பால எத்தினியோ மாத்தி மாத்தி எழுதியும் அத மட்டும் பத்தரமா தூக்கிக்கினு வந்தேன், ஐஸ் ஃபேக்டரிக்குப் புச்சா எழுதுனதுலயும் சேக்க வெச்சேன். உங்க புள்ள கேக்குறான், சார், சைபரக் கூட்டுனா அதே கணக்குதான வரும், எதுக்கு இதுன்னு. டேய், பெரியவங்க காரணம் இல்லாமயாடா எழுதியிருப்பாங்கன்னேன். அந்தப் பெரியவரு நீங்கதான சார்ங்கிறான்.

நானுதான்ணா. எனக்கும் ஞாபகம் இல்ல.

எடுத்துட்டான். என்னக் கேக்காமயே எடுத்துட்டான். அடுத்த செவ்வாக்கிழம காலைல நான் ஐஸ் ஃபேக்டரி வாசல்ல போயி நின்னேன். எதாச்சும் ஆவும், ஓடிப்போயி அவன் காதப் புடிச்சித் திருவலாம்னு. பில்லு வந்துச்சு. ஐஸு வந்துச்சு. போட்டெல்லாம் கெளம்பிப் போச்சு. ஒண்ணுமே ஆவலண்ணா. வெறுங்கையோட வூட்டுக்கு வந்தா, அவன் எங்க அடுப்பாண்ட உக்காந்து கருவாட்டுக் கொழம்பு ஊத்தி சாப்ட்டுக்கினு இருக்கான், ஜோஸ்பின் இன்னும் கொஞ்சம் போடுறா. அதப் பாத்துட்டு எனக்கு அப்டி ஒரு அழுக வந்துச்சு. எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க. கோவமா, சந்தோசமா, இன்னா கருமமோ.

நான் வெச்ச தண்ணிய நீங்க தொடலியே. பரவால்ல, கேன் தண்ணிதான். உங்க இஷ்டம்.

இருங்க, ஃபோனு வருது. ம். ம். சரி ஜோஸ்பின். ஆமா, இங்கதான் உக்காந்திருக்காரு. ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். வெச்சிடறேன்.

ஒண்ணுமில்லண்ணா. கையெழுத்து ஆயிடுச்சாம். காலைல வில்லியனூர்ல கோயில்ல தாலி கட்டிட்டு, அப்டியே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனாங்க. உங்க சிலம்பரசனும் எங்க சுவேதாவும். உக்காருங்கண்ணா, மயக்கம் வந்துடப்போவுது. வெளிய இருக்கறவங்களக் கூப்புடறதுன்னா கூப்புடுங்க, நான் கதவ சாத்தல. அதுக்கு முன்னாடி இதையும் கேட்டுடுங்க, அப்பால நான் மறச்சேன்னு ஆவக் கூடாது. சாட்சிக் கையெழுத்து போட்டது தெய்வநாயகி அண்ணி.

உங்க வூட்டு தெய்வநாயகிதாங்கண்ணா. வேற யாரு? காலைல உங்கள, போயி அந்தப் பொண்ணோட அப்பன நாலு வார்த்த கேட்டுட்டு வான்னு கெளப்பி விட்டதே அவங்கதான. நீங்க இந்தப் பக்கம் வண்டி ஏறுனீங்க, அவங்க அந்தப் பக்கம் பஸ்ஸு ஏறிட்டாங்க. நேத்து ஃபோன்ல சொன்னப்ப நான் பயந்துட்டேன். அவரு ஆளுங்களோட வந்து நின்னா நான் ஒண்டியாளு இன்னா பண்றதுன்னேன். அதுக்கு அண்ணி சொல்லுது, அவரு ஊர்ப் பஞ்சாயத்துல உக்கார்றவரு, எதிராளி பேசி முடிக்காம எந்திரிக்க மாட்டாரு, தீர்ப்பு சொல்ல மாட்டாரு, கையும் ஓங்க மாட்டாரு, அந்த ஒரு முறைய அவரு மீறி நான் பாத்ததே இல்ல, நீங்க பேசிக்கினே இருங்க அண்ணா, உங்க கம்ப்யூட்டரப் பத்தியே பேசுங்கன்னு.

அத நம்பித்தாண்ணா கதவத் தொறந்தேன். என் புள்ளைங்க உசுர நெனச்சிக்கினே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன். எனக்குப் பேச இனிமே ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க.