கேட்காமல் அழிந்த பெயர்கள்

திரையில் தேவையில்லாத ஒரு வரி வந்தாலும் எனக்குப் பிடிக்காது. தாலுகா அலுவலகத்துக்குக் குத்தகைப் பதிவேட்டு மென்பொருள் எழுதியபோதும் அப்படித்தான். படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு பெயரை அழிக்கும் கட்டளையை மனிதர் தட்டினால், அழியப்போகும் பெயரைக் காட்டி ‘நிச்சயமா?’ என்று கேட்கும். இன்னொரு நிரல் அதே கட்டளையை அழைத்தால் கேட்காது. நிரலுக்குப் பதில் சொல்லத் தெரியாதல்லவா. வேலையை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பும். இரண்டு தரப்புக்கும் பொருந்துகிற வடிவமைப்பு. இன்றும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

எழுத்தர் மெஹராஜ் பேகத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. “கை தவறினா ஒரு குடும்பத்தோட சாகுபடியே போயிடும் சார். கேக்குறது நல்லதுங்க” என்றார்.

ஆட்சி மாறிய 2001ஆம் வருடம் அது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. குத்தகைக்குப் பயிரிட்ட கண்ணுசாமி, படுக்கையில் கிடந்த என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அறுப்பு முடிஞ்சதும் நிலத்த விட்டுடுறேங்க” என்றார். அறுப்பு முடிந்த வாரமே தாலுகாவுக்குப் போய்த் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டார். பதிவானவரைச் சட்டப்படி நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. அதைக் கேட்ட இரண்டாம் நாள் அப்பா காலமானார்.

ஒரு பெயரை மட்டும் அழித்தால் சந்தேகம் நேராக என்னிடம் வரும். ஆகவே அந்த ஊரின் நாற்பத்தொரு பெயர்களையும் அழித்தேன். “நீங்கதானே இருக்கீங்க, பாத்துக்குங்க சார்” என்று மெஹராஜ் பேகம் தன் கணினியைத் திறந்தபடி விட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அழிக்கும் கட்டளையை அழைக்க ஆறு வரி நிரல்தான் எழுதினேன். அழித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் விழுந்தது. கரையான் அரித்த காகிதப் பதிவேட்டை அதற்கு முன்பே கழித்துவிட்டிருந்தார்கள்.

நிலக்காரர்கள் புதிய பட்டியலைக் காட்டினார்கள். அந்தத் தாளடிப் பருவத்துக்கு நாற்பத்தொரு குடும்பங்களும் வயலில் இறங்க முடியவில்லை. கண்ணுசாமி பூச்சிமருந்தைக் குடித்து இறந்தார். மற்ற நாற்பது பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

விசாரணையில் மெஹராஜ் பேகம் அழவில்லை. “அது கேக்காம அழிக்காதுங்க. நான் சரின்னு சொல்லவே இல்ல. எழுதினவர் இங்கதான் இருக்கார், அவரையே கேளுங்க” என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி கேட்டார். “ஆமாம், மனிதர் தட்டினால் கேட்கும்” என்றேன். அது உண்மைதான். மெஹராஜ் பேகத்துக்கு வேலை போயிற்று.

போன மாதம் திருவாரூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்து நலம் விசாரிக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைப் பற்றி நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பழகியவர் இப்படி நடந்துகொள்வார் என்று நினைக்கவே இல்லை.