லோஜினியின் முப்பத்தோராம் நாள்

என் சிங்களம் சுத்தமான சிங்களம், ஐயா. கொழும்பில் ஒரு வீட்டில் பதினெட்டு வருஷம் பிள்ளை பார்த்துப் படித்தது. அதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யார் எந்தப் பாரம் நிரப்பினாலும் என் போன் நம்பரைத்தான் போடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா லோஜினியும் போட்டாள். பதினாறு வயது, கோல்கீப்பர், தாய் குவைத்தில். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் தேசிய அணிக்கான பாரம் அது.

கால்பந்தில் எனக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது மட்டும். ஆனாலும் விசாரித்தேன். அந்த அணி கடைசி ஐந்து ஆட்டத்தில் வாங்கியது முப்பத்திரண்டு கோல். போட்டது ஒன்று, அதுவும் எதிராளிப் பிள்ளை தவறித் தன் வலைக்குள் அடித்தது. முப்பத்திரண்டையும் குனிந்து பொறுக்குவது கோல்கீப்பர்தானே. நம் பிள்ளைக்கு அந்த அவமானம் எதற்கு?

அணியின் பயிற்சியாளர் அம்மா போனில் கூப்பிட்டார். லோஜினியை எடுத்திருக்கிறோம், அனுப்புங்கள் என்றார். காய்ச்சல் என்றேன். மறுவாரம் கால் முறிவு என்றேன். மூன்றாம் தடவை, டாக்டரோடு நாங்களே வருகிறோம் என்றார். பதறிப்போய், பிள்ளை நம்மைவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். சிங்களத்தில் அதை ரொம்ப மரியாதையாகச் சொல்லலாம். அந்த அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன்.

லோஜினி தினமும் கேட்பாள்.

"பெரியம்மா, போன் வந்துச்சா?"

"இல்லடி. ஒன்னைய எடுக்கல போல."

"தேர்வு ஆட்டத்துல நல்லாத்தானே புடிச்சேன்?"

"ஒன்னையவிட நல்லாப் புடிக்கிறவ இருப்பா. போயி கொழுந்து பறிக்கப் பேரு குடு."

கொடுத்தாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

அடுத்த ஆட்டத்துக்கு முன் அணி அவளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றதாம். இரண்டே கோலில் தோற்றார்கள். அவர்களுக்கு அது சாதனை. அதில் என் பங்கும் உண்டு என்று வெட்கமில்லாமல் நினைத்துக்கொண்டேன்.

நம் ஆட்கள் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் காரியம் செய்வார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் வந்து நின்றது. இருபது பிள்ளைகள், மாலை போட்ட லோஜினியின் பெரிய படம். அந்த நேரம் பார்த்துக் கொழுந்துச் சாக்கோடு மலையிலிருந்து இறங்கினாள் லோஜினி. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நான் எப்ப செத்தேன்?"

"ஒன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

பயிற்சியாளர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்; பிறகு விடவேயில்லை.

இவ்வளவுதான் ஐயா, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செய்தது நான்தான். எல்லாம் அவள் மானத்துக்காக. எனக்கென்று ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பஸ் ஏறப் போனவளை மறித்து நான் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்:

"நாளைக்கி எனக்கு யாருடி தண்ணி காய வைப்பா?"