காதோரம் ஒரு கீறல்

ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடக் கூடாது. பலருக்கு இது தெரியாது. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகளில் மூன்றில் இன்று காலை அப்படித்தான் தொங்கியது, மேடம். கண்ணாடிக் கம்பி உள்ளே இருக்கும் தெர்மாகோலை அழுத்திவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விழுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

என் பெயர் பகலவன். வயது நாற்பத்தொன்று. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று எழுதிவைக்கும் வேலை. தனி ஆள். ஜுபைர் வழக்கில் இரண்டு மாதத்துக்கு முன்பு உங்களிடம் சாட்சி சொன்னேன். ஹெல்மெட் விற்ற ஆசீர்வாதம் போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். அது பொய். உண்மையை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

எனக்கு ரேஸ் என்றால் உயிர். பைக் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லருக்குப் பக்கத்தில் விழுந்தேன், அதோடு விட்டுவிட்டேன். வீட்டில் வீடியோ கேமில்தான் என் ரேஸ். மேஜையில் ஸ்டியரிங், கீழே பெடல், எதிரே பெரிய டிவி. யார்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் உலகத்தில் இருக்கிற எல்லா டிராக்கும் என் அறைக்குள் வந்துவிடும். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்து டிக்கெட் கிழிசல்கள், யாரோ ஒரு ரைடர் போட்டுக் கழற்றிய கையுறை, டிராக்கில் பொறுக்கிய டயர் துணுக்கு. ஒவ்வொன்றும் எந்த நாள், எந்தப் போட்டி என்று சின்னச் சீட்டு எழுதி ஒட்டியிருப்பேன். பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஜுபைர் மட்டும் சிரிக்கவில்லை.

டோல்கேட் பக்கம் பைக் ரிப்பேர் கடை வைத்திருந்தான் ஜுபைர். அப்போது இருபத்தாறு வயது. ரேஸில் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு நானாகப் போய்ப் பேசினேன். ஒரே மாதத்தில் மாமு ஆகிவிட்டேன். டிராக்குக்குப் போகும்போது கூடவே போவேன். டயர் தூக்குவேன், தண்ணீர் கொடுப்பேன். ஹெல்மெட் என் பொறுப்பு. ரேஸ் முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துடைத்து, காயவைத்து, அடுத்த முறை கொண்டுவருவேன். அவன் சொல்வான், "ஹெல்மெட்ட பத்தி நான் பேஜாரே ஆவறதில்ல. மாமு கீது பாத்துக்கும்."

அந்த ஹெல்மெட்டில் படம் வரைந்தது அவன் மனைவி இஷ்ரத். கல்யாண வீடுகளில் மருதாணி போடுகிற பெண். மெல்லிய தூரிகையால் பச்சை நிறத்தில் அலை அலையாகப் போட்டு, பின்பக்கம் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம் வரைந்திருந்தாள். சென்ற வருடம் ஜூலையில் அதை மாட்டிக்கொண்டு ஜுபைர் முதல் முறையாகத் தேசிய அளவில் ஜெயித்தான். நான் வேலி ஓரம் நின்று அழுதேன். அன்று மாலை வேனில் திரும்பும்போது ஹெல்மெட் என் மடியில் இருந்தது. உள்ளே அவன் வியர்வை இன்னும் காயவில்லை.

"இதை எனக்குக் குடுத்துடுறியா ஜுபைர்?" என்று கேட்டேன்.

"எட்த்துக்க மாமு. சீசன் முடியட்டும், உனுக்குதான். வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். அவன் தருவதாகத்தான் சொன்னான். நான்கு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

அடுத்த போட்டியில் அவன் லேசாக விழுந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஹெல்மெட்டில் இடது காதோரம், அலை முடிகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அவன் எழுந்து கையாட்டியதைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு ஹெல்மெட்டைக் கையில் வாங்கி அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். இன்னும் இரண்டு போட்டி பாக்கி. பலமாக விழுந்தால், திரும்பப் போடக் கூடாது என்று போட்டி அதிகாரிகளே ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

நந்தம்பாக்கத்தில் ஒரு வீடியோ கேம் கண்காட்சி நடந்தது. அங்கே ரேஸ் ஹெல்மெட் மாதிரியே அச்சாக ஒன்று விற்றார்கள். அதே வடிவம், அதே அளவு. விற்ற பெண் சொன்னாள், "சார், இது ஷோகேஸ் பீஸ். தலையில மாட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போயிடாதீங்க." உள்ளேயும் 'அணிவதற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

அதை இஷ்ரத்திடம் கொண்டுபோனேன். என் அலமாரிக்கு இதே மாதிரி ஒன்று வரைந்து தரும்படி கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எது எதுன்னு எனுக்கே தெரியல அண்ணே," என்றாள்.

"இதுல கீறல் இல்லியேம்மா," என்றேன்.

"அதையும் போட்டுர்லாம் வுடுங்க." சிரித்துக்கொண்டே சாம்பல் நிறத்தைத் தொட்டுக் காதோரம் ஒரு கோடு இழுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை உரித்தேன். உள்ளே பஞ்சு குறைவாக இருந்தது. கொஞ்சம் வெட்டி ஒட்டினேன். நல்ல பஞ்சுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. அவனுக்கு நெற்றியில் உறுத்தக் கூடாது என்று ஓரங்களை மழுக்கிவிட்டேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அன்று முழுக்க அவன் சௌகரியத்தைப் பற்றி யோசித்திருக்கிறேன். அவன் தலையைப் பற்றி யோசிக்கவில்லை.

நவம்பரில் கடைசிப் போட்டி. வெள்ளிக்கிழமை காலை ஹெல்மெட் பரிசோதனை. அசலைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தவர் சரியாகத்தான் பார்த்தார், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி ஓட்டம். அதற்கு நான் மற்றதைக் கொடுத்தேன். பயிற்சிதானே, பத்து சுற்றுதானே என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை போட்டிக்கு என்ன செய்வதாக இருந்தேன் என்று நேற்று கேட்டீர்கள். சனிக்கிழமையும் அதையே கொடுத்திருப்பேன்.

மாட்டிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, லொட லொடன்னு கீது?"

எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. முழுசாக ஒரு நிமிடம். அசல் ஹெல்மெட் என் காலடியில் பையில் இருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"நேத்து முடி வெட்டிக்கினல்ல, அதான்," என்றேன்.

"அட, ஆமால்ல." சிரித்தான். மோவாய்க்குக் கீழே வாரை நானே இழுத்து மாட்டிவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாவது சுற்றில், நேர்ச் சாலை முடிந்து திரும்புகிற இடத்தில் பின்சக்கரம் வழுக்கியது. பெரிய விபத்து இல்லை, மேடம். அன்றைக்கே அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்துபோனார்கள். ஜுபைருக்கு முதல் புரளலிலேயே வார் ஆணியோடு பிய்த்துக்கொண்டது.

இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வலது பக்கம் அசையாது. பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். என் கேமையும் ஸ்டியரிங்கையும் எடுத்துப் போய் அவன் மடியில் வைப்பேன். இடது கையால் திருப்புவான். வண்டி சுவரில் போய் முட்டும். திரும்பவும் ஆரம்பித்து வைப்பேன். திரும்பவும் முட்டும். "நீங்க வந்தாதான் அண்ணே அவரு சிரிக்கிறாரு," என்பாள் இஷ்ரத். எனக்குத் தட்டு வைப்பாள். நான் சாப்பிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சாப்பிடாமல் எழுந்ததில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவள்தான் என்னிடம் கேட்டாள். "அவ்ளோ நல்ல ஹெல்மெட்டு, எப்டிண்ணே பிஞ்சிக்கினு போவும்?"

"டூப்ளிகேட்டா இருந்திருக்கும்மா," என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். என் அலமாரிக்கு வரைந்து தந்த ஹெல்மெட் அவள் நினைவுக்கே வரவில்லை. அதை வைத்துத்தான் அவள் ஆசீர்வாதம் மேல் புகார் கொடுத்தாள். வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடமாக ஹெல்மெட் விற்றவர். கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். நீங்கள் அவரைக் கூட்டிப் போனீர்கள். அவர் விற்றது அசல், மேடம். என் அலமாரியில் இருக்கிறது. ஜூலை மாதத் தேதி போட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

நேற்றுக்கு முந்தின நாள் அவர் மனைவி ஜெஸ்லின் என் வீடு தேடி வந்தார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அதைக் கையில வெச்சிக்கினு இருந்தது நீங்கதானாமே. நல்ல ஹெல்மெட்டுன்னு போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. அவரு ராத்திரியில தூங்கறதில்ல. நம்ம கடைப் பொருளு ஒரு புள்ளைய இப்டிப் பண்ணிடுச்சேன்னு அவரே நம்ப ஆரம்பிச்சிட்டாரு."

நடுவில் ஒரு கதவுதான். அந்தப் பக்கம் ஹெல்மெட். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனார். தப்பே செய்யாத ஒரு மனுஷன் நான் செய்ததைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்னால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் நேற்று காலை இங்கே வந்தேன்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. உடைந்த ஹெல்மெட் எங்கே என்று கேட்டபோது, ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்றேன். அதுவும் பொய். அதுவும் என்னிடம்தான் இருக்கிறது, பீரோவில், வேட்டிக்குள் சுற்றி. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து எடுத்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

விபத்து நடந்ததும் வேலியைத் தாண்டி முதலில் ஓடியவன் நான்தான். அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். சொந்த அண்ணன்கூட அப்படி ஓட மாட்டான் என்று இஷ்ரத்திடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். ஜுபைர் மணலில் கிடந்தான். ஹெல்மெட் அவனிடமிருந்து இருபதடி தள்ளி உருண்டு போயிருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாராவது அதை மிதித்துவிடப் போகிறார்களே என்றுதான் எனக்குப் பதறியது. நான் ஹெல்மெட்டிடம்தான் ஓடினேன். அதை எடுத்து, மண்ணை ஊதி, சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவன் பக்கம் திரும்பினேன்.