கொண்டல் காத்து

– இல்லைங்க சார். நான் அந்த விமானத்துல இல்லை. நிச்சயமா சொல்றேன்.

– அட, இன்னாத்துக்கு சாரு? உனுக்கு இருவத்தி மூணுன்னா எனுக்கு இருவத்தி அஞ்சு. விமலுன்னு கூப்டு. எம்மா, தீபனுக்கு ஒரு சேர இஸ்து போடு. நின்னுகினே பேசறான் பாரு, கொரலு மேல்ருந்து வருது.

– பரவாயில்லைங்க, நான் சீக்கிரம் கிளம்பணும்.

– குந்து நைனா. டீ போட்டுகீறேன்.

– நன்றிங்க அம்மா.

– நன்றியாம்! ஏ தீபா, உங்கம்மா பவுனம்மா தான? காசிமேட்டு ஏலத்துல அவங்க கொரலு கேட்டா வஞ்சிரமே எழுந்து நிக்கும்னு சொல்வாங்க. அவங்க புள்ள நன்றின்னு சொல்லுது. ஏர்ஃபோர்ஸ்ல இதுக்குன்னு தனியா பரேடு கீதா?

– அஞ்சு வருஷமா வெளி மாநிலத்துலயே இருந்துட்டேன் இல்லையா. பேச்சு மாறிடுச்சு.

– மாறட்டும் மாறட்டும். நீ லீவுல வந்துகீறன்னு கோவிந்தம்மா தான் சொல்லிச்சு. நம்ம தெருவுக்கு அது தான் மீன் கொண்ணாரும். 'தண்டையார்பேட்டைல கண்ணு போன மிலிட்டரி ஆளு ஒருத்தன் உன்ன பாக்கணும்ன்றான்'னு அதாண்ட சொல்லி அனுப்பிச்சேன். மூணு நாளு டபாய்ச்ச நீ.

– வீட்டுல கொஞ்சம் வேலை இருந்தது.

– செரி, வுடு. நீ அந்த சரக்கு பிளேன் ஸ்குவாட்ரன்ல தான கீற? அத்தயாச்சும் இல்லன்னுடாத.

– அதுல தாங்க. ஆனா நான் விமானம் ஓட்டுறவன் இல்லை. அம்மா ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்காங்களோ தெரியாது.

– பைலட்டுன்னு தான் சொல்லிவெச்சுகீறாங்க. சண்ட நடக்கசொல்ல மெய்யாலும் இன்னா வேல பாத்த? சும்மா கேக்கறேன். பகல் பூரா இங்கியே குந்திகினு கீறேன், வெளிய கன்டெய்னர் லாரி போறத எண்ணிகினு. எனுக்கு எல்லாம் தெரியணும்.

– சாமான் ஏத்துறது, இறக்குறது. எடை பார்த்து முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பிரிச்சு வைக்கணும். அப்புறம் பெல்ட்டு போட்டு இறுக்கிக் கட்டணும். மேல போனப்புறம் கட்டு நழுவிச்சுன்னா விமானமே ஒரு பக்கம் சாயும்.

– லோடுமேனு! எங்க மாமன் ஹார்பர்ல பாத்த வேல. இதுக்கா இம்மாம் பெரிய பரீட்ச எழ்தி போன?

– அதே வேலை தாங்க. யூனிஃபார்ம் மட்டும் வேற.

– பெல்ட்டு அறுந்துட்டா?

– ஒரு தடவை கொக்கி உடைஞ்சு போச்சு. மாத்து கொக்கி இல்லை. அப்பா போட்டுல போடுற முடிச்சைப் போட்டேன். ஆபீசர் பார்த்துட்டு திட்டினார். இறங்குறப்போ அந்த முடிச்சு மட்டும் தான் அசையாம இருந்தது. மறுநாள் எல்லாருக்கும் சொல்லிக் குடுன்னார்.

– ஷோக்கு! இன்னா இன்னா ஏத்துவீங்கோ?

– கூடாரம், மருந்து, உருளைக்கிழங்கு, குண்டுப் பெட்டி. ஒரு தடவை நாலு கோவேறு கழுதை.

– கய்தையா? பிளேன்லயா? எம்மா, கேட்டியா!

– மலை மேல பொதி தூக்குறதுக்கு. கண்ணைக் கட்டி ஏத்தினோம்.

– கண்ண கட்டினா கம்முனு நிக்குமா?

– அது மட்டும் போதாதுங்க. காது பக்கத்துல யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சை நிறுத்தினா உதைக்கும். மேல பறக்கறப்போ உதைச்சா ஒரே பேஜாரு… சிரமம்.

– இன்னா சொன்ன?

– சிரமம்னு சொன்னேன்.

– அதுக்கு மின்னாடி ஒண்ணு சொன்னியே.

– ஒண்ணும் இல்லைங்களே.

– செரி செரி. காதாண்ட யாரு பேசினது?

– நான் தான். வேற யாருக்கும் பொறுமை இல்லை.

– எந்த பாஷைல? சும்மா கேக்கறேன்.

– தமிழ்ல தாங்க. கழுதைக்கு எந்த பாஷையா இருந்தா என்ன?

– அதுவும் செரி தான். கண்ண கட்டிட்டு காதாண்ட பேசிகினே வரணும். மனசுல வெச்சுக்கறேன். அப்பால, திரும்பி வரசொல்ல பிளேனு காலியாவா வரும்?

– இல்லைங்க. அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டு வருவோம்.

– ஸ்ட்ரெச்சர ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கி.

– மூணு அடுக்கு.

– நானு நடு அடுக்கு. கண்ணுல கட்டு, காதுல ஙொய்யினு சத்தம். நானு 'எத்திராஜ், எத்திராஜ்'னு கூவிகினே இருந்தேன். எத்திராஜு யாருன்னு தெரியுமா உனுக்கு?

– தெரியாதுங்க.

– என் தோஸ்து. வியாசர்பாடில ஒரே தெரு, ஒரே ஸ்கூலு. ஒரே நாள்ல மிலிட்டரிக்கு ஆளெடுத்தாங்க, ஒரே பீரங்கில போட்டாங்க. அன்னிக்கு தண்ணி மொண்டார வேண்டியது என் முற. எனுக்கு தலவலி. 'நீ போடா, நாளிக்கு உன் முறைய நானு பாக்கறேன்'னேன். அவன் எப்பவும் போல ஒன்னியும் சொல்லல. கேன தூக்கிகினு போனான். அப்பதான் குண்டு வுழுந்துச்சு. நானு அவனாண்ட ஓடினேன். ரெண்டாவது ஒண்ணு வுழுந்துச்சு. கடசியா இந்த கண்ணு பாத்தது அந்த தண்ணி கேன தான்.

– நீங்க ஓய்வெடுங்க. இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பேசி எதுக்கு…

– ரெஸ்ட்ல தான கீறேன். கேளு. பிளேன்ல எத்திராஜு என்னாண்ட பேசினான். வேற யாராண்ட சொன்னாலும், உடனே 'இன்னா பேசினான்'னு கேப்பாங்க. நீ மட்டும் கேக்கல.

– என்ன பேசினார்?

– 'எத்திராஜ்'னேன். 'இன்னாடா'ன்னான், காதாண்டயே. 'உயிரோட கீறியாடா'ன்னேன். 'கீறேண்டா, நீ கம்முனு பட்து வா'ன்னான். அப்பால அவனுக்கு இன்னா பேச்சு! வூட்டுக்கு போனா மொதல்ல இன்னா துன்னலாம்னு கேட்டான். பீச் ஸ்டேசனாண்ட அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸு துன்னலாம்னேன். அதெல்லாம் வாணாம், நண்டு கொழம்புன்னான். எந்த நண்டுல சத புட்ச்சிருக்கும், எந்த நண்டு வெறும் ஓடுன்னு பத்து நிமிசம் பேசினான். அவன் அம்மாம் பேசி நானு கேட்டதே இல்ல. வலில மெர்சலாயி மடமடன்னு பேசறான்னு நெனச்சேன்.

– ம்.

– அப்ப தான் கேட்டேன். 'என் முறடா அது, என்ன மன்னிச்சுடுடா'ன்னு. 'போடா, தண்ணிக்கு போயி மன்னிப்பா'ன்னான். எனுக்கு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி ஆச்சு. தூங்கிட்டேன். ஆஸ்பத்திரில எழுப்பி சொல்றாங்க, எத்திராஜு அங்கியே, அந்த கேனாண்டயே பூட்டான்னு. பிளேன்லயே ஏறலியாம். காய்ச்சல்ல உளறிகீறன்னு டாக்டர் சொல்றாரு.

– டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

– ஒரு வருசமா நானும் அப்டி தான் நெனச்சுகினு இருந்தேன். ஆனா ஒரு வார்த்த இடிக்குது, தீபா.

– என்ன வார்த்தை?

– நடுவுல பிளேனு குலுங்கிச்சு. தூக்கி தூக்கி போட்டுச்சு. நானு கத்தினேன். அப்ப அவன் சொன்னான், 'இது கொண்டல் காத்துடா, கரைக்கு தான் தள்ளும், பயப்படாத'ன்னு. கொண்டலு! அது கடலுக்கு போறவங்க பேச்சு, எத்திராஜு கடல பாத்ததே காணும் பொங்கலுக்கு தான். அவனுக்கு காத்துன்னா ஃபேன் காத்து. இந்த வூட்டுக்கு வந்தப்பால ஒரு நாளு கோவிந்தம்மா கூடைய எறக்கிகினே சொல்லுது, 'கொண்டலு அடிக்குது, போட்டு வெளிய போவல, இன்னிக்கு மீனு இவ்ளோ தான்'னு. நானு மீன உட்டுட்டேன், வார்த்தைய புட்ச்சிகினேன்.

– கொண்டல்ங்கிறது பொதுவான சொல் தானேங்க. யார் வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்.

– எவன் சொல்வான், வாத்யாரே? வடநாட்டு டாக்டரா? 'உங்க பக்கம் ஏர்ஃபோர்ஸ்ல சரக்கு பிளேன்ல கீற புள்ளைங்கோ எத்தினி பேரு'ன்னு கோவிந்தம்மாவ கேட்டேன். வெரல மடக்கி எண்ணிச்சு. ஒரே ஒரு வெரலு தான் மடங்கிச்சு.

– நான் ஏற்கெனவே சொன்னேனே, அந்த விமானத்துல நான் இல்லை.

– உன்ன அடிக்க மாட்டேன்பா. அடிக்கணும்னாலும் நீ எந்த பக்கம் குந்திகீறன்னு தேடணும். எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என்ன மன்னிச்சது எத்திராஜா, வேற எவனாச்சுமா?

– தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? எத்திராஜ் தான்னே இருக்கட்டுமே. உங்களுக்கும் நிம்மதி, உங்க அம்மாவுக்கும் நிம்மதி.

– எப்டி இருக்கட்டும்? அவன் வூட்ல கேக்கறாங்க, கடசியா இன்னா பேசினான்னு. நானு பிளேன்ல நடந்தத ஒண்ணு வுடாம சொன்னேன். முழுசா கேட்டுட்டு, 'பேசினது யாருன்னு தேடு'ன்னுட்டாங்க. எனுக்கு சுருக்குன்னு ஆயிட்ச்சு. நானு அந்த மன்னிப்ப தலைக்கு வெச்சுகினு தான் தூங்கறேன், தீபா. அது எனுக்கு குட்த்ததா, நானா திருடினதான்னு தெரிஞ்சே ஆவணும்.

– டீ தளும்புது பாரு. டம்ளர கீழ வெச்சுட்டு சொல்லு நைனா.

– இல்லம்மா, எனக்கு ஒண்ணும்…

– சுடசுட டீய மேல ஊத்திக்க போற. கீழ வெய்யி.

– லிஸ்ட்ல அந்த பேரு இல்ல.

– இன்னா? தீபா, இன்னா சொன்ன?

– நீ எத்திராஜு எத்திராஜுன்னு கூவிகினே கீற. நானு லிஸ்ட்ட மேலயும் கீழயும் பாக்கறேன், அப்டி ஒரு பேரே இல்ல. டாக்டராண்ட கேட்டேன். தலைய ஆட்டிட்டு அப்டியே திரும்பிகினாரு. நீ பெல்ட்ட இஸ்து எழுந்துக்க பாக்கற, கண்ணு கட்ட பிய்க்க போற. புட்ச்சி அமுக்கறேன், நிக்கல நீ. நானு இன்னா பண்றது? கய்தையாண்ட பேசி பயகின வாயி. 'இன்னாடா'ன்னுட்டேன்.

– இதான்! எம்மா, இதான் அந்த கொரலு!

– கேக்குது, விமலு. அவன பேச வுடு.

– ஒரே ஒரு வார்த்தையோட நிறுத்திடலாம்னு தான் நெனச்சேன். நீ கம்முனு பட்துகின. அப்பால மறுபடியும் கூப்ட்ட. நானு நிறுத்தினா நீ எழுந்துக்கற. நானு இன்னாத்த பேசறது? எனுக்கு தெரிஞ்சது நண்டும் காத்தும் தான். ஒன்ர மணி நேரம் அத்தயே பேசினேன். கடசில நீ மன்னிப்பு கேட்ட. அங்க நானு வாய மூடிகினு இருந்திருக்கணும். செத்தவன் சொல்ல வேண்டியத்த நானு எட்து குட்த்துட்டேன், விமலு. எறங்கினப்பால ரெண்டு நாளு சோறு எறங்கல. எங்கம்மாவாண்ட கூட சொல்லல. நீ தேடறன்னதுமே எனுக்கு பட்சி சொல்லிச்சு. அதான் டிவில நியூஸ் சொல்றவன் கணக்கா பேசிகினு குந்திகீறேன். கொரல வெச்சு கண்டுபுட்ச்சிட்டா, உன்னாண்ட கீற அந்த மன்னிப்பும் பூடுமேன்னு.

– அப்ப எத்திராஜு என்ன மன்னிக்கல.

– எனுக்கு தெரியாது.

– நீ தான மன்னிச்ச.

– மன்னிக்க நானு யாரு? அவன் மூஞ்சிய கூட நானு பாத்ததில்ல. என்ன இன்னா வோணா திட்டிக்கோ, ஆனா நீ அய்வாத. அம்மா, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. பெத்தவங்க சொன்னா கேப்பான்.

– அவங்க என்ன பெத்தவங்க இல்ல, தீபா.

– இல்லியா? அப்ப யாரு?

– ரமாபாய் அம்மா. எத்திராஜ பெத்தவங்க. உன்ன தேட சொன்னதே அவங்க தான். வாரத்துல நாலு நாளு வந்து எனுக்கு சோறாக்கி போட்டுட்டு, அந்த பிளேன்ல இன்னா பேசினான் இன்னா பேசினான்னு கேப்பாங்க.

– அம்மா… என்ன மன்னிச்சுடும்மா. உங்க புள்ள பேர சொல்லிகினு நானு…

– தண்ணிக்கு போயி மன்னிப்பா? நீ சொன்னதுல ஒரு வார்த்த தப்பில்ல நைனா, எம்புள்ள இருந்தாலும் அவனும் அத்தயே தான் சொல்லியிருப்பான். இன்னா, அவனுக்கு திக்குவாயி, சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க பிளேனே எறங்கி இருக்கும்.