ஆவன செய்த ஏஜென்ட்

பிரவீன்: அக்கா, கையை எடுங்க! கீபோர்டை வுடுங்க! ஏறுனதை எல்லாம் உடனே அழிச்சாவணும்...

நிர்மலாதேவி: அழிக்கறேன்னு போயி மிச்சமிருக்கற வரனையும் சேர்த்து அழிச்சுடுவ. மொதல்ல உக்காரு.

பிரவீன்: உக்கார்ற நேரமா இது? கல்யாணம் முடிஞ்சுதுன்னும் வேண்டாம்னும் நீக்குன வரன் அத்தனையும் நம்ம திருமண ஆப்ல திரும்ப ஏறிக்கிச்சு. 'உங்களுக்குப் புதிய பொருத்தம்'னு ஊரெல்லாம் மெசேஜ் பறக்குது!

நிர்மலாதேவி: இண்டூர் வாத்தியாருக்கும் போயிருக்குமே? புள்ளைக்குக் காதுகுத்து வெச்சிருந்தாரு, பாவம்.

பிரவீன்: அவரு சம்சாரம்தான் இப்ப போன் பண்ணுச்சு. காதுல கேக்க முடியல...

நிர்மலாதேவி: பொண்ணு எந்த ஊருன்னு கேட்டுச்சா?

பிரவீன்: அக்கா! முதலாளி கிருஷ்ணப்பன் கீழ ஜவுளிக்கடையில நிக்கறாரு. நாளைக்கு மக தமிழ்மணிக்கு நிச்சயம். ரெண்டு பேரும் சேலை எடுத்துட்டு நேரா மேலதான் வருவாங்க. பாத்தாருன்னா என் வேலை காலி.

நிர்மலாதேவி: ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியாம அழிச்சா அந்த ஏஐ ஏஜென்ட்டு மறுபடி இதையேதான் செய்யும். அதுக்குக் குடுத்த புதுக் கருவிக்கு நீ எழுதுன விளக்கத்தைப் படி. சத்தமா.

பிரவீன்: இப்பவா? "கருவியின் பெயர்: நீக்கியதைக் காட்டு. இக்கருவி, நீக்கப்பட்ட வரன்களை ஏஐ ஏஜென்ட்டுக்குப் பட்டியலிட்டுக் காட்டும். நீக்கியவர் பெயரும் உடன் வரும்..."

நிர்மலாதேவி: நல்லாத்தான் இருக்கு. கடைசி வரி?

பிரவீன்: அது சும்மா ஒரு மரியாதைக்குங்க...

நிர்மலாதேவி: அந்த மரியாதையைத்தான் படி.

பிரவீன்: "பட்டியலைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நிர்மலாதேவி: 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'ன்னு கையெழுத்துப் போடல? ரெவின்யூ ஸ்டாம்பு தீந்துபோச்சா?

பிரவீன்: எங்க மாமா ஜோசப் ராஜ் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவருங்க. அவருகிட்டதான் தமிழ் எழுதப் பழகுனேன். கை தன்னால போட்டுருச்சு...

நிர்மலாதேவி: ஆபீசர் அதைப் படிச்சா பீரோவுல வெச்சுப் பூட்டுவாரு. இது ஏஜென்ட்டு, சாமி. கருவியை எதுக்கு எடுக்கணும், எங்க நிறுத்தணும்னு உன் விளக்கத்தைப் படிச்சுத்தான் அது தெரிஞ்சுக்கும். பாத்துட்டுப் பேசாம இருன்னு எழுத வேண்டிய எடத்துல, எதையாச்சும் செய்யின்னு காலுல வுழுந்திருக்க. செஞ்சுடுச்சு.

பிரவீன்: மனுவுக்கு அன்னிக்கே நடவடிக்கை எடுத்த மொத ஆளு அதாத்தான் இருக்கும்...

நிர்மலாதேவி: உங்க மாமாகிட்ட சொல்லு, சந்தோசப்படுவாரு.

பிரவீன்: சரி, வரியை எடுத்துட்டேன். இப்ப அழிக்கட்டுங்களா?

நிர்மலாதேவி: எடுத்தா ஆச்சா? என்ன செய்யக் கூடாதுன்னு எழுது.

பிரவீன்: "பார்வைக்கு மட்டும். எதையும் மீட்கவோ அழிக்கவோ கூடாது." போதுமா?

நிர்மலாதேவி: ஒரு 'ஐயா' சேத்துக்கோ. கோவிச்சுக்கப் போவுது.

பிரவீன்: வெளையாடாதீங்க! உங்களுக்கு ஏன்க்கா பதட்டமே வரல?

நிர்மலாதேவி: போறது உன் வேலைதானே? டீ குடிக்கறியா?

பிரவீன்: நகருங்க, நானே அழிச்சுக்கறேன்... இருங்க. ஏரியூர் வீரமணி... இந்த மூஞ்சியை... அக்கா, நம்ம ஆப்லயே தமிழ்மணிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை இவருதான்!

நிர்மலாதேவி: அப்படியா.

பிரவீன்: இது பழைய பதிவு. போன வருசம் அவரே நீக்கியிருக்காரு. 'திருமணமானவர், விவாகரத்து வழக்கு நிலுவையில்'னு இருக்கு... புதுப் பதிவுல 'முதல் திருமணம்'னு போட்டிருக்காரே!

நிர்மலாதேவி: தமிழ்மணி போனுக்கு மெசேஜ் போயிருச்சா? அதைப் பாரு.

பிரவீன்: போயிருச்சு. பாத்தும் இருக்குது... கீழ என்ன சத்தம்? முதலாளி கொரலாட்டம் இருக்கு.

நிர்மலாதேவி: சேலையைத் திருப்பிக் குடுக்கறாரோ என்னமோ.

பிரவீன்: ஐயோ, கூப்புடறாரு... ஹலோ, சொல்லுங்க முதலாளி... ஆமாங்க, ஏஜென்ட்டுதான் எடுத்துப் போட்டுச்சு... பொய்யில்லைங்க, அவரே பதிஞ்சதுங்க... இல்லைங்க, இன்னும் அழிக்கலைங்க... சரிங்க... வெச்சுட்டாரு. அக்கா, நிச்சயத்தை நிறுத்திட்டாராம்! எதையும் அழிக்காத, மேல வந்து என் கண்ணால பாக்கறேங்கறாரு.

நிர்மலாதேவி: அப்ப உன் வேலை இருக்கு. எழுதுனது நீ, சரிபாத்து ஓகே போட்டது நான்னு சொல்லு.

பிரவீன்: கடைசி வரியை நீங்க கவனிக்கலன்னு சொல்லிடட்டுங்களா?

நிர்மலாதேவி: கவனிச்சேன். வுழுந்து வுழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் ஓகே போட்டேன்.

பிரவீன்: மாப்பிள்ளை கதை தெரிஞ்சேவா? இவ்வளவு நேரம் என்னைப் படிக்கச் சொன்னது, எழுதச் சொன்னது... எல்லாம் தமிழ்மணி மெசேஜைப் பாக்கறவரைக்கும் இழுக்கறதுக்கா? முதலாளிகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே!

நிர்மலாதேவி: நான் சொன்னா வயித்தெரிச்சல்ல பேசறாம்பாங்க, தம்பி. மெஷின் சொன்னா நம்புவாங்க. அந்த வழக்குல இருக்கற பொண்டாட்டி நான்தான்.